நாத்தனார் வீட்டு டிராக்டர்

உங்களுக்கு ஒரு நாத்தனார் இருக்கிறாள் என்று வைத்துக் கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பாதகமில்லை; இந்தக் கட்டுரை முடியும் மட்டும் ஒருத்தியை இரவல் தருகிறேன். புதுச்சேரிக்குத் தெற்கே, பாகூர்ப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். பொங்கல் கழிந்து நாலு நாள் அவள் வீட்டில் தங்கி வரலாம் என்று குழந்தைகளை அழைத்துக் கொண்டு போயிருக்கிறீர்கள். காலை ஆறரை மணி. திண்ணையில் உட்கார்ந்து காப்பி சாப்பிட்டுக் கொண்டிருக்கிறீர்கள். எதிரே கொட்டகையில் ஒரு பழைய டிராக்டர் நிற்கிறது. நவரைப் பட்டத்துக்குச் சேடை ஓட்ட வேண்டிய நாள். நாத்தனாரின் மகன் மேலே ஏறிச் சாவியைத் திருப்புகிறான். "டக்" என்று ஒரு சத்தம். மறுபடியும் திருப்புகிறான். மறுபடியும் "டக்". அவ்வளவுதான்.

"சனியன், இன்னிக்கும் ஸெல்ப் எடுக்கல!" என்று முணுமுணுத்துக் கொண்டே கீழே குதிக்கிறான். "அத்தை, அந்த ஜன்னல்ல பெரிய திருப்புளி ஒண்ணு இருக்கும். கொஞ்சம் எடுத்துக் குடுங்களேன்!"

பிள்ளை கேட்கிறானே என்று நீங்களும் எழுந்திருக்கிறீர்கள். வேண்டாம், உட்காருங்கள். கொடுக்காதீர்கள்!

இந்த இடத்தில் "தொடரும்" என்று போட்டு, அடுத்த இதழ் வரையில் உங்களைத் தவிக்க விடுவதற்குத் தொடர்கதை எழுதுகிறவர்களுக்குத்தான் சாமர்த்தியம் உண்டு. எனக்கு அது வராது. ஏன் கொடுக்கக் கூடாது என்பதை இதே இதழில் சொல்லி விடுகிறேன். ஆனால் அதற்கு அந்த டிராக்டரின் வயிற்றுக்குள் ஓடும் ஒயர்களைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். "ஐயோ, ஒயரிங்கா! எங்களுக்கு என்ன புரியும்?" என்று பக்கத்தைத் திருப்பி விடாதீர்கள். இஸ்திரிப் பெட்டியையும் மிக்ஸியையும் அன்றாடம் ஆள்கிறவர்களுக்கு இது ஒரு பிரமாதமா, என்ன?

முதலில் ஊரைப் பார்த்து விடுவோம். புதுச்சேரி என்றதும் கடற்கரையும் நேரான வீதிகளும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. பட்டணத்தை விட்டுச் சற்று உள்ளே போனால் வேறு உலகம். அங்கே கிராமங்களை வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு என்று கொம்யூன் கொம்யூனாகப் பிரித்திருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1954-ம் வருஷம் நவம்பர் முதல் தேதி நிர்வாகத்தை ஒப்படைத்து விட்டார்கள். "கொம்யூன்" என்ற வார்த்தையை மட்டும் கிராமத்தார் திருப்பிக் கொடுக்கவில்லை. பாகூர் ஏரி, ஊசுட்டேரிக்கு அடுத்தபடி அந்தப் பிரதேசத்திலேயே பெரியது. தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக அதற்குத் தண்ணீர் வருகிறது. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே, பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில், இவ்வூரில் இருந்த ஒரு வித்தியாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்களைத் தானமாகக் கொடுத்ததாகச் செப்பேடு சொல்கிறது. நெல் விளையாத ஊரையா ஒரு கல்லூரிக்குத் தானம் கொடுப்பார்கள்!

நெல் விளைகிற ஊர் என்றால் சேறு உள்ள ஊர் என்று அர்த்தம். இரும்புச் சக்கரம் பூட்டிக்கொண்டு முழங்கால் சேற்றில் உழலும் டிராக்டருக்கு உடம்பெல்லாம் சேறுதான். மழைக்காலமானால் கேட்கவே வேண்டாம். 2024 நவம்பர் 30-ந் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை ஏறியது. அடுத்த சில நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்து விட்ட தண்ணீர் தென்பெண்ணையில் புரண்டு வந்து பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குள் புகுந்தது. வெள்ளம் வடிந்த பிறகு வீட்டைக் கழுவி, பாயை உலர்த்தி, பாத்திரத்தைத் தேய்த்து வைத்து விடலாம். தண்ணீரில் முழுகிய ஒயரை என்ன செய்வது? வெளியே உலர்ந்து விடும். உள்ளே செம்புக் கம்பி மெள்ள மெள்ளப் பச்சை பூத்துக் கொண்டே இருக்கும். புறத்தே பார்த்தால் ஒன்றும் தெரியாது. என்றைக்காவது ஒரு நாள், மழை கூடிக்கொண்டு நிற்கிற நாளாகப் பார்த்து, "டக்" என்று சொல்லி நின்று விடும்.

இப்போது அந்த "டக்"குக்கு வருவோம்.

மோட்டார் காரானாலும் டிராக்டரானாலும், எஞ்சின் தானாகப் புறப்படாது. முதல் இரண்டு மூன்று சுற்று யாராவது சுற்றி விட வேண்டும். அந்தக் காலத்துப் பஸ்களில், கிளீனர் பையன் வண்டிக்கு முன்னால் ஒரு வளைந்த கம்பியைச் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றுவான் என்று உங்கள் பாட்டி சொல்லியிருப்பாள். எஞ்சின் சில சமயம் எதிர்ப்புறமாக உதைத்து, சுற்றுகிறவன் மணிக்கட்டையே முறித்து விடும். "கட்டை விரலைக் கம்பியைச் சுற்றிப் பிடிக்காதே, மற்ற விரல்களோடு சேர்த்து வை" என்பதுதான் அந்தத் தொழிலில் முதல் பாடம்.

இந்தத் தொல்லைக்கு வழி கண்டவர் சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கர். அவர் முன்பு செய்த வேலை என்ன தெரியுமா? கடைகளில் பணம் வாங்கிப் போடும் காஷ் ரிஜிஸ்டருக்கு மின்சார மோட்டார் பொருத்தியது! அந்தப் பெட்டியின் மோட்டார் நாள் முழுவதும் ஓட வேண்டியதில்லை. ஒரு விநாடி பலமாக இழுத்து விட்டால் போதும். எஞ்சினைக் கிளப்பவும் அதே போன்ற விநாடி நேரத்துப் பயில்வான்தானே வேண்டும்? 1911-ல் அவர் செய்து காட்டினார். 1912-ம் வருஷத்துக் காடிலாக் கார்கள் "ஸெல்ப் ஸ்டார்ட்டர்" சகிதம் வெளி வந்தன. ஆள் பலம் இல்லாமல் கார் புறப்படும் என்று ஆன பிறகு, ஸ்திரீகள் தாங்களே கார் ஓட்டிக் கொண்டு போவது மிகவும் சுலபமாயிற்று.

நம் தேசத்தில் டிராக்டர் உற்பத்தி 1959-ல் பரீதாபாத்தில் ஐஷர் கம்பெனியாரோடு ஆரம்பித்தது. 1960-ல் சென்னையில் டாஃபே தொடங்கி, மாஸி பெர்குஸன் டிராக்டர்களைச் செய்யலாயிற்று. மறு வருஷமே, பாடியில், ஸ்டார்ட்டர் மோட்டாரும் டைனமோவும் செய்வதற்கென்று லூகாஸ் டி.வி.எஸ். ஏற்பட்டது. டிராக்டரும் அதன் ஸெல்ப்பும் ஒரே பட்டணத்தில் பிறந்தவை என்று சொல்லலாம்.

இந்த டிராக்டர்கள் பெரும்பாலும் டீஸலில் ஓடுகிறவை. பெட்ரோல் எஞ்சினுக்கு உள்ளே ஒரு மின்பொறி வேண்டும்; பொறி நின்றால் எஞ்சினும் நின்று விடும். டீஸலுக்குப் பொறி வேண்டாம். சைக்கிளுக்குக் காற்று அடிக்கிறபோது பம்பைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? சுடும். காற்றை இறுக்கினால் சூடு பிறக்கும். டீஸல் எஞ்சினில் காற்றை ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்காக இறுக்கி விடுகிறார்கள். அந்தச் சூட்டில் டீஸலைப் பீச்சியதும் தானே பற்றிக் கொள்கிறது. இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். காற்றை அவ்வளவு இறுக்க வேண்டியிருப்பதால் முதல் சுற்றுக்கு அசுர பலம் தேவை. இது ஒன்று. இன்னொன்று, பழைய டீஸல் எஞ்சின் ஒரு முறை கிளம்பி விட்டால் அதற்குப் பிறகு மின்சாரமே தேவையில்லை. பாட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டு போய் வைத்தாலும் ஓடிக் கொண்டே இருக்கும். அதை நிறுத்துவதற்குச் சாவி உதவாது. டீஸலை அடைக்கும் ஒரு குமிழைப் பிடித்து இழுக்க வேண்டும். இந்த இரண்டாவதைத் தயவு செய்து மறந்து விடாதீர்கள். திருப்புளிக்கு வரும்போது வேண்டியிருக்கும்.

அந்த அசுர பலம் எங்கிருந்து வருகிறது? பாட்டரியிலிருந்து. பாட்டரியோ வெறும் 12 வோல்ட். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். கெண்டியின் மூக்கால் ஊற்றினாலும் ஒரு குடம் நிரம்பும், அண்டாவைச் சாய்த்து ஊற்றினாலும் நிரம்பும் அல்லவா? ஆனால் எவ்வளவு நேரத்தில் என்பதுதான் வித்தியாசம். உங்கள் இஸ்திரிப் பெட்டிக்கு நாலு ஆம்பியர் இருந்தால் போதும். டிராக்டரின் ஸெல்ப்புக்கு இருநூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும். 12 வோல்டை 200-ஆல் பெருக்கிப் பாருங்கள், 2400 வாட். குளிக்கிற அறையில் வெந்நீர் போடும் பெரிய கீஸரை விட அதிகம்! அண்டாவைச் சாய்க்கிற காரியம் இது. ஆகையால்தான் பாட்டரியிலிருந்து ஸெல்ப்புக்குப் போகும் கேபிள் கட்டை விரல் தடிமனாக இருக்கிறது.

இவ்வளவு பெரிய மின்சாரத்தைச் சின்னச் சாவி தாங்குமா? உருகி விடும். அதற்காக நடுவில் ஸாலினாய்டு என்று ஒரு சாமான் வைத்திருக்கிறார்கள். பெரிய பண்ணையில் எஜமானர் ஒரு துண்டுச் சீட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்புவார். கணக்குப்பிள்ளை அதைப் பார்த்துப் பெட்டியைத் திறந்து கட்டுக் கட்டாகப் பணத்தை எடுத்துக் கொடுப்பார். சாவி போடுவது கையெழுத்து; மெல்லிய ஒயர் வழியாகப் போவது சீட்டு; ஸாலினாய்டுதான் கணக்குப்பிள்ளை. "டக்" என்று கேட்டதே, அது கணக்குப்பிள்ளை பெட்டியைத் திறந்த சத்தம். திறந்தார், உள்ளே பணம் இல்லை!

அதாவது, "டக்" என்று கேட்டு எஞ்சின் சுற்றாவிட்டால், முக்கால்வாசி குற்றம் பாட்டரியிலோ தடிக் கேபிள்களிலோதான். "டக்" கூடக் கேட்காவிட்டால், சீட்டு வந்து சேரவில்லை. மெல்லிய ஒயரையும் சாவியையும் பார்க்க வேண்டும். முன் விளக்கைப் போட்டு விட்டுச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். விளக்கு செத்துப் போகிறாற்போல் மங்கினால் பாட்டரியில் சத்து இல்லை, அல்லது எங்கேயோ இணைப்பு தளர்ந்திருக்கிறது. விளக்கு பாட்டுக்கு எரிந்து கொண்டிருந்தால் மின்சாரம் ஸெல்ப்புக்குப் போகவே இல்லை. இந்தச் சோதனையைத் திண்ணையில் உட்கார்ந்தபடியே நீங்கள் செய்து விடலாம். உங்கள் மருமகன் வாயைப் பிளந்து விடுவான்.

இனி, அந்த மெல்லிய ஒயர் போகிற வழியில் இருக்கும் ஒரு சின்ன ஸ்விட்ச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். உண்மையில் இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்.

வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேர்த் திருவிழாவில், பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து வந்த வழக்கப்படி இன்றும் கவர்னர் வந்து வடம் பிடித்துத் துவக்கி வைப்பார். எல்லார் கண்ணும் வடத்தின் மேலேயே இருக்கும். சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை போடுகிறவனை யாராவது பார்க்கிறார்களா? அவன் இல்லாமல் தேரை அசைக்கலாமா, சொல்லுங்கள்! டிராக்டருக்கும் அப்படி ஒரு முட்டுக்கட்டை உண்டு. கியர் நியூட்ரலில் இருந்தாலன்றி, அல்லது கிளட்ச்சை மிதித்தாலன்றி, சாவியிலிருந்து ஸாலினாய்டுக்குச் சீட்டுப் போகாமல் தடுக்கும் ஸ்விட்ச் அது. சில வண்டிகளில் கியர் பெட்டியின் மேல் இருக்கும். சிலவற்றில் கிளட்ச் மிதியின் பக்கத்தில். பார்வைக்கு ஒரு சுண்டைக்காய். ரொம்பப் பழைய சில வண்டிகளில் அது பிறவியிலேயே கிடையாது.

ஹாரி பெர்குஸன் 1946-ல் இங்கிலாந்தில் வெளியிட்ட சின்னச் சாம்பல் நிற டிராக்டரில் இதற்கு அழகான யுக்தி ஒன்று செய்திருந்தார்கள். அந்த வண்டியில் கியர் தடியேதான் ஸ்டார்ட்டர். தடியைத் தனியாக ஒரு பக்கம் தள்ளினால்தான் எஞ்சின் சுற்றும். தடி அங்கே இருக்கும்போது வேறு எந்தக் கியரிலும் இருக்க முடியாதல்லவா? ஆகவே கியரில் வைத்துக் கிளப்பி விட்டோமே என்ற பேச்சுக்கே இடமில்லை. (எவரெஸ்டில் ஏறிய எட்மண்ட் ஹிலாரி, 1958 ஜனவரி 4-ந் தேதி தென் துருவத்துக்குப் போய்ச் சேர்ந்தது இந்த வகை டிராக்டரில்தான். சேறு இல்லாத ஊர். கொடுத்து வைத்த டிராக்டர்!)

இப்போது திருப்புளி. ஸெல்ப்போ எஞ்சின் பக்கவாட்டில், கீழே இருக்கிறது. பையன் தரையில் நிற்கிறான். அவனுக்கு முதுகுப்புறம் பின் சக்கரம், அவன் மார்பளவு உயரம். ஸெல்ப்பின் இரண்டு முனைகளைத் திருப்புளியால் சேர்த்து வைக்கிறான். பொறி பறக்கிறது. கணக்குப்பிள்ளையையும் கேட்காமல், எஜமானர் கையெழுத்தும் இல்லாமல், பெட்டியை உடைத்துப் பணத்தை எடுக்கிற வேலை இது. சாவியும் இல்லை; முட்டுக்கட்டை ஸ்விட்ச்சும் இல்லை. நேற்று மாலை யாரோ வண்டியைக் கொட்டகையில் விட்டுவிட்டு, உருண்டு போகாமல் இருக்கட்டும் என்று கியரில் போட்டு விட்டுப் போயிருந்தால்? எஞ்சின் கிளம்புகிறது, கிளம்பின மாத்திரத்தில் வண்டி முன்னால் பாய்கிறது. அவனுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருப்பது ஓர் அடியோ இரண்டடியோ. விலகுவதற்கு ஒரு விநாடி கூடக் கிடைக்காது. சாவியைப் பிடுங்கி நிறுத்தலாம் என்றால், முன்பே சொன்னேனே, டீஸல் எஞ்சின் சாவியைச் சட்டை செய்யாது. நிறுத்தும் குமிழ் மேலே, ஸ்டியரிங் பக்கத்தில். அதை இழுக்க வண்டியில் ஆள் இல்லை.

இது கற்பனை பயமல்ல. டிராக்டர் உள்ள தேசங்களில் எல்லாம் இந்த விதமாக மனிதர்கள் செத்திருக்கிறார்கள். "தரையில் நின்று கிளப்பாதே, ஆசனத்தில் உட்கார்ந்து கிளப்பு" என்று ஸெல்ப்பின் பக்கத்திலேயே எச்சரிக்கை ஒட்டி அனுப்புகிற அளவுக்கு இது பரிசயமான விபத்து. செத்தவர்களில் அனுபவம் இல்லாத கற்றுக்குட்டிகள் மட்டும் இல்லை. நூறு தரம் திருப்புளி வைத்துக் கிளப்பி, நூறு தரமும் ஒன்றும் ஆகாதவர்களும் உண்டு.

சரி, நல்ல ஸ்விட்ச் ஒன்று இருக்கும்போது இந்த நிலை எப்படி வருகிறது? பெரும்பாலும் அவசரத்தில்தான். சேறும் தண்ணீரும் பட்டு ஸ்விட்ச் கெட்டு விடுகிறது. உழவு நாளில் மாற்று ஸ்விட்ச் கடையில் இல்லை. வந்த மிஸ்திரி ஸ்விட்ச்சுக்குப் போகும் இரண்டு ஒயர்களையும் ஒன்றாக முறுக்கி, கறுப்பு டேப்பைச் சுற்றி, "இப்போதைக்கு ஓட்டுங்கண்ணே, அடுத்த வாரம் மாத்திக்கலாம்" என்கிறார். வண்டி கிளம்பி விடுகிறது. கிளம்புகிற வண்டிக்கு யார் வைத்தியம் பார்ப்பார்கள்? அந்த அடுத்த வாரம் பத்து வருஷமானாலும் வருவதில்லை. பிறகு சாவி கெடுகிறது. அதற்குப் பதிலாக ஒரு பொத்தான். பொத்தான் கெடுகிறது, அதற்குப் பதிலாகத் திருப்புளி. குடித்தனத்தில் கடன் ஏறுகிற மாதிரிதான் இதுவும்.

ஆகவே, பழைய டிராக்டருக்குப் புதிதாக ஒயரிங் செய்வது என்று வீட்டில் பேச்சு எழுந்தால், அதை வீண் செலவு என்று தள்ளி விடாதீர்கள். வேலை எப்படி நடக்கிறது என்று அறிந்து வைத்துக் கொண்டால், கூடவே நின்று கேள்வி கேட்கலாம். நாம் கேள்வி கேட்டால் மிஸ்திரிகள் கொஞ்சம் ஒழுங்காகவே செய்கிறார்கள். இது என் அபிப்பிராயம்.

முதல் காரியம், பாட்டரியைக் கழற்றுவது. அதிலும் எர்த் முனையை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது கடைசியில் மாட்ட வேண்டும். காரணம் இருக்கிறது. பாட்டரியின் ஒரு முனை வண்டியின் இரும்பு உடம்போடு சேர்ந்தது. அந்த உடம்பே ஒரு ஒயராக வேலை செய்கிறது. மற்ற முனையை முதலில் கழற்றப் போய், ஸ்பேனர் வழுக்கி இரும்பில் பட்டால் நெருப்பு மழைதான். 12 வோல்டில் ஷாக் அடிக்காது என்பது வாஸ்தவம். ஆனால் கையில் மோதிரமோ உலோக வளையலோ இருந்து அது குறுக்கே பட்டுவிட்டால், பழுக்கக் காய்ச்சிய கம்பியாகிச் சதையைப் பொசுக்கி விடும். பாட்டரிக்கருகே நகையோடு போகாதீர்கள். பீடி பற்ற வைக்கிறவர்களையும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். பாட்டரியிலிருந்து வரும் வாயு வெடிக்கக் கூடியது.

பாட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருக்குமே, அதற்கு மருந்து உங்கள் அடுக்களையில் இருக்கிறது. ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்துத் தேய்த்தால் பொங்கிக் கரைந்து போகும். அறைகளின் மூடி திறந்திருந்து உள்ளே ஒரு சொட்டும் போய்விடக் கூடாது. பின்பு நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து, இணைப்பை இறுக்கி, மேலே கொஞ்சம் வாஸலைன் தடவி விடலாம். பல டிராக்டர்களுக்கு இந்த ஒரு வைத்தியத்திலேயே உயிர் வந்து விடும். மிஸ்திரிக்கு மட்டும் சொல்லி விடாதீர்கள்!

அடுத்தது, பழைய ஒயரைப் பிடுங்குமுன் எது எங்கே போகிறது என்று எழுதி வைப்பது. இக்காலத்தில் கைத் தொலைபேசியில் நாலு படம் பிடித்துக் கொண்டால் போயிற்று. மொத்தத்தையும் பிடுங்கிக் கூடையில் போட்டு விட்டு அப்புறம் யோசிப்பவர்கள் இருக்கிறார்கள். பின்னிய ஸ்வெட்டரைப் பிரித்து விட்டு எத்தனை கண் போட்டோம் என்று யோசிக்கிற கதைதான். ஒன்றைக் கழற்றி, அந்த இடத்தில் ஒன்றை மாட்டி வருவதே நல்ல முறை.

ஒயர்களின் நிறத்தைப் பார்த்தால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். சாயம் போகாத வண்டியாக இருந்தால், ஒவ்வொன்றும் உடலும் கரையுமாகப் புடவை மாதிரியே இருக்கிறது! இங்கிலீஷ்காரர்களின் பழைய முறைப்படி பழுப்பு நிறம் பாட்டரியிலிருந்து நேரே வருவது, சாவி போட்டால் உயிர் பெறுவது வெள்ளை, எர்த்துக்குக் கறுப்பு. வெள்ளை உடலில் சிவப்புக் கரை போட்டதுதான் ஸாலினாய்டுக்குச் சீட்டுக் கொண்டு போகும் ஒயர். முட்டுக்கட்டை ஸ்விட்ச் இந்தச் சிவப்புக்கரைப் புடவையின் வழியில்தான் உட்கார்ந்திருக்கும். புது ஒயர் போடும்போது கடையில் கிடைத்த ஒரே சிவப்பில் எல்லாவற்றையும் போட்டு விடுவது வழக்கமாகி இருக்கிறது. அடுத்த தடவை பழுது பார்க்க வருகிறவன் கதி? கூடுமானவரை நிறம் மாறாமல் போடச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் நுனியில் சீட்டாவது கட்டட்டும்.

தடிக் கேபிள் விஷயத்தில் தாட்சண்யம் கூடாது. விலை குறைவு என்று மெல்லிய கேபிள் போட்டால் அண்டாவுக்குக் கெண்டி மூக்கு வைத்த மாதிரி ஆகும். எர்த் கேபிளும் அப்படியே. அது போய்ச் சேரும் இடத்தில் சேறு, துரு, பெயிண்ட் எல்லாம் போகச் சுரண்டி, இரும்பு பளபளவென்று தெரிந்த பிறகே போல்ட் போட வேண்டும். 200 ஆம்பியர் போகிற பாதையில் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே, இருக்கிற 12 வோல்டில் 2 வோல்ட் அங்கேயே தீர்ந்து போகும். பாகூர்ச் சேற்றில் உழலும் வண்டிக்குப் பாதி வியாதி இந்த எர்த்தில்தான் இருக்கும். புது பாட்டரி, புது ஸெல்ப் என்று பணத்தைக் கொட்டின பிறகு, கடைசியில் ஒரு துருப்பிடித்த போல்ட்டைக் கழற்றித் தேய்த்ததும் வண்டி கிளம்பினால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

இன்னும் ஒன்று. மிகப் பழைய இங்கிலீஷ் வண்டிகளில் பாட்டரியின் பாஸிடிவ் முனைதான் எர்த். பின்னால் வந்தவற்றில் நெகடிவ். நமக்குத் தெரிந்தது நெகடிவ்தானே என்று மாற்றிப் போட்டு விட்டால் டைனமோ பாட்டரிக்கு உணவு கொடுக்காது; ஆல்டர்னேட்டர் இருக்கிற வண்டியானால் அதன் உள்ளே இருக்கும் டையோடுகள் கணத்தில் கருகி விடும். பழையது எப்படி இருந்ததோ அதைப் பார்த்து வைத்துக் கொள்ள வேண்டும்.

பழைய ஒயருக்குப் பருத்தியும் ரப்பருமே சட்டை. எண்ணெய் பட்டும் வெயில் பட்டும் அது விரலால் தொட்டால் உதிரும். புது ஒயரின் சட்டை நல்லதுதான். ஆனால் வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நிற்கும் வண்டியில் எலிக்கு எந்தச் சட்டையும் ஒன்றுதான். இரும்புத் தகட்டில் துளை வழியே ஒயர் போகிற இடங்களில் ரப்பர் வளையம் போட்டிருக்கிறார்களா, சைலன்ஸருக்கு அருகே போகாமல் கிளிப் போட்டுக் கட்டியிருக்கிறார்களா, விளக்குகளுக்கு ஃபியூஸ் வைத்திருக்கிறார்களா என்று ஒரு பார்வை பார்த்து விடுங்கள். ஃபியூஸ் இல்லாத இடத்தில் ஒயர் உரசினால் எரிவது ஒயர் மட்டுமல்ல. பக்கத்தில் வைக்கோல் இருக்கிறது. வெள்ளத்தில் முழுகிய வண்டியானால் சாவியைத் தொடவே கூடாது. பாட்டரியைக் கழற்றி விட்டு, ஸெல்ப்பைப் பிரித்துக் கழுவி உலர்த்தி, எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருக்கிறதா என்று பார்த்த பிறகே மற்றது.

எல்லாம் மாட்டி முடித்து, சாவியைத் திருப்பியதும் எஞ்சின் "டுப் டுப்" என்று கிளம்பியதும், வீட்டில் எல்லாருக்கும் சிரிப்பு வந்து விடும். மிஸ்திரியும் கையைத் துடைத்துக் கொண்டு கூலிக்கு நிற்பார். கொஞ்சம் பொறுங்கள். இன்னும் ஒரு சோதனை பாக்கி. எஞ்சினை நிறுத்தி, டீஸல் குமிழை இழுத்தபடியே வைக்கச் சொல்லுங்கள். குழந்தைகளை உள்ளே அனுப்பி விடுங்கள். முன்னாலும் பின்னாலும் ஒருவரும் இல்லாதபோது, மிஸ்திரி ஆசனத்தில் உட்கார்ந்து, பிரேக்கை அழுத்தி மிதித்துக் கொண்டு, கியரைப் போட்டு, சாவியைத் திருப்பட்டும். ஸ்விட்ச் கியர் பெட்டியில் இருக்கிற வண்டியானால் கிளட்ச்சையும் மிதித்துக் கொள்ளலாம். கிளட்ச்சில் இருக்கிற வண்டியானால் கியரை நியூட்ரலில் விட்டு, கிளட்ச்சை மிதிக்காமல் திருப்ப வேண்டும். சத்தமே வரக் கூடாது. "டக்" கூடக் கேட்கக் கூடாது. கேட்டால், அந்தச் சிவப்புக்கரை ஒயரில் எங்கேயோ கறுப்பு டேப் ஒளிந்து கொண்டிருக்கிறது. அதைப் பிரித்து ஸ்விட்ச்சை மாட்டி விட்டுக் கூலி வாங்கிக் கொள்ளச் சொல்லுங்கள். அவருக்கு அதற்குள் ஒரு டம்ளர் காப்பி கொடுக்கலாம்.